தூரி ஆட்டிய பெண்

பொங்கலுக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சர்ச் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உங்கள் பாப்பாவைச் சனிக்கிழமை மத்தியானங்களில் எங்களோடு விடுவீர்களா என்று கேட்கத்தான் வந்தோம் என்றார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அதில் வளப்பூர் நாட்டில், ஒரு சின்ன ஆரம்பப் பள்ளிக்கு நான் டீச்சர். நானும் என் கணவரும் மலைக்குக் கீழே ராசிபுரம் பக்கத்துக்காரர்கள். அவருக்கு மலேரியா ஆபீஸில் வேலை. வீடு வீடாக மருந்து அடிக்கிற ஆட்களோடு மலை முழுக்க நடப்பார். கிளம்பினால் திரும்பி வரப் பல நாட்களாகும். ஆகவே பெரும்பாலும் வீட்டில் நானும் என் மகளும்தான்.

அவளுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு வரவில்லை. காது நன்றாகவே கேட்டது. அடுத்த வீட்டு முறத்தில் சாமை புடைக்கும் சத்தத்துக்கு ஓடிப்போய் நிற்பாள். பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். தொட்டால் மழையில் நனைந்த பூனை மாதிரி உடம்பைச் சிலுப்பிக்கொண்டு விலகிவிடுவாள். பள்ளிக்கூடத்துக்குக் கூடவே அழைத்துப் போவேன். என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். யாராவது ஒரு கொட்டையை நகர்த்திவிட்டால் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அலறுவாள். கீழே ஒரு டாக்டரிடம் காட்டினோம். வளர வளரச் சரியாகும் என்றார். எட்டுக்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டோம். சீப்பைக் கண்டாலே அலறுவாள் என்பதால் தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டிருந்தேன். ஊரில் அதையும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் யாரிடமும் போகமாட்டாள். அப்பாவிடமும் இல்லை, அக்கம்பக்கத்தில் கொஞ்ச வருகிறவர்களிடமும் இல்லை. யாருக்கும் கிடைக்காததுதான் எனக்கும் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். அந்த ஆறுதலோடு ஒரு தாய் பல வருடம் வாழ்ந்துவிடலாம்.

வந்த பையன்களில் பெரியவன்தான் பேசினான். திண்ணனூர் நாட்டில் அவனுடைய ஊர். அவனுக்குப் பத்து வயதில் ஒரு தம்பி உண்டு. அப்பாவும் அம்மாவும் குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போகும்போது அந்தத் தம்பியின் காலில் கயிறு கட்டி வீட்டுத் தூணில் முடிந்துவிட்டுத்தான் போவார்கள். இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கிவிடுவான். கூட்டத்தில் யாருக்கும் அவன் இதைச் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப்போகும்போது, எங்கள் ஊர் தூரம், அங்கே வேண்டாம் என்று ஒவ்வொரு வருடமும் தட்டிக்கழித்துவிடுவான். இந்த வருடம் மற்றவர்கள் கேட்கவில்லை. லாந்தரோடு போய் வாசலில் நின்று பாடியிருக்கிறார்கள். உள்ளே தூணருகே அந்தச் சிறுவன் உட்கார்ந்து, பாட்டுக்கு முன்னும் பின்னும் ஆடியிருக்கிறான். காலில் கயிறு. பாட்டு பாதியில் நின்றுவிட்டதாம்.

அதற்கடுத்த கூட்டத்தில் அவர்கள் வேறெதுவும் பேசவில்லை. சனிக்கிழமைகளில் அவனைத் தூக்கி வந்து நம்மோடு வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். பிறகு, இவனைப் போல வேறு குழந்தைகள் உண்டா என்று விசாரித்தார்கள். யாரோ என் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள்.

"இவனைப் போல" என்று அவன் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. என் மகளை நான் கட்டிப்போட்டதில்லை என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது கூட வந்த பெண் சொன்னாள்:

"கட்டிப்போட்டவியளையும் நாங்க தப்பா நினைக்கலீங்க, டீச்சரம்மா. சும்மா வெளையாடக் கூப்பிடறோம். அவ்வளவுதானுங்க."

அவளுக்கு இருபது வயதிருக்கும். மலைக்காரப் பெண்தான். மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு உதவியாக இருந்தாள். கறுத்த, நீள முகம். பேசும்போது வாக்கியத்தின் கடைசியை மெல்ல மேலே தூக்கி முடிப்பாள். அந்த இழுப்பு திண்ணனூர் பக்கத்துக்கே உரியது. அதை அன்றைக்கு நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள், கொஞ்ச நாளில் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயரை மாற்றிவிடுவார்கள் என்று எச்சரித்தார்கள். என் கணவர் ஊருக்கு வந்ததும் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "கூப்பிட்டதே அவங்கதான், புள்ள. நம்ம சனத்துல ஒருத்தர் கூப்பிட்டிருக்காங்களா?" என்றார்.

முதல் சனிக்கிழமை நானே அழைத்துப் போனேன். சர்ச் என்றால் பெரிய கோபுரமெல்லாம் இல்லை. ஓட்டுக் கூரை போட்ட நீளமான ஒரு கூடம். பின்பக்கம் பெரிய பலாமரம். அதில் வாலிபர்கள் புதிதாக ஒரு தூரி கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஊஞ்சலைத் தூரி என்றுதான் சொல்வோம். திண்ணனூர்ப் பையனின் தம்பி ஒரு மூலையில் உட்கார்ந்து மண்ணை அள்ளி விரல் வழியே விட்டுக்கொண்டிருந்தான். பைல் நாட்டிலிருந்து ஒருவர் தன் சின்னப் பையனைத் தோளில் சுமந்து வந்திருந்தார். மொத்தக் குழந்தைகளே மூன்றுதான்.

வாலிபர்கள் ஒரு பாட்டை எடுத்தார்கள். நல்ல கனத்த குரல்கள். என் மகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடத் தயாராக எழுந்தேன். அவர்கள் பாட்டை நிறுத்தவில்லை, சன்னமாக்கினார்கள். ஒவ்வொருவராகக் குரலை இறக்கி, கடைசியில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு வந்தது. என் மகள் காதிலிருந்து கையை எடுத்தாள். பிறகு நேராகத் தூரிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண் பின்னால் நின்று மெல்ல ஆட்டினாள். தூரி நின்றதும் குனிந்து, "இன்னொருக்கா ஆட்டட்டுமா, சாமி?" என்று கேட்டாள். பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு மறுபடி ஆட்டினாள். பொழுது சாயும்வரை இதேதான்.

என் மகள் ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சர்ச் படியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் அத்தனை பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள் நான். அங்கே எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்தடுத்த வாரங்களில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். துணி துவைக்க வேண்டும், பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தப் பெண்ணின் கை என் மகளின் முதுகில் படுவதையும், என் மகள் விலகாமல் இருப்பதையும் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

என் கணவர் அடுத்த முறை வந்தபோது, நம் வீட்டு மரத்திலும் ஒரு தூரி கட்டுங்கள் என்றேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. கீழே சந்தையிலிருந்து நல்ல கயிறு வாங்கி வந்து, பலகை செதுக்கி, சர்ச்சில் இருப்பதைவிடப் பெரிதாகவே கட்டினார். மகளைக் கொண்டுபோய் அதன் முன்னால் நிறுத்தினேன். அவள் கயிற்றை முகர்ந்து பார்த்தாள். பலகையை ஒரு விரலால் தட்டினாள். அப்புறம் போய்ப் புளியங்கொட்டைகளை அடுக்க உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம். பள்ளிக்கூடம் விட்டதும் சண்டை போட்டுக்கொண்டு ஆடுவார்கள். "டீச்சரம்மா, உங்க தூரி நல்லாருக்குதுங்க" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு அந்தக் கயிற்றை அறுத்துப்போடலாம் என்றிருக்கும்.

சித்திரை வாக்கில் ஒரு சனிக்கிழமை அழைத்துவரப் போனேன். என் மகளின் தலையில் இரண்டு சின்னப் பின்னல்கள் இருந்தன. கழுத்தளவு முடியை எப்படியோ சேர்த்து, எண்ணெய் தடவி, வகிடெடுத்து, முனையில் நீல ரிப்பன் கட்டியிருந்தது. அவள் ஒன்றுமே நடக்காததுபோல் நின்றுகொண்டிருந்தாள். சுற்றியிருந்த வாலிபர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சந்தோஷப்பட வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

எப்படிச் செய்தாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். பல வாரங்களாகவே சீப்பைத் தூரிப் பலகையில் சும்மா வைத்திருந்தாளாம். பிறகு பாப்பா பார்க்கும்படி தன் தலையை வாரிக்கொண்டாளாம். பிறகு பாப்பாவின் முடி நுனியை மட்டும், வலிக்காமல். இன்றைக்குப் பாப்பாவே சீப்பை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டதாம். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. நல்லது என்று மட்டும் சொன்னேன்.

வழியெல்லாம் அந்தப் பின்னல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வகிடு கோணாமல் நேராக இருந்தது. ஒரு பெண்ணைப் பெற்றவளுக்கு வேறென்ன ஆசை இருக்கும்? தினமும் காலையில் அவளை முன்னால் உட்காரவைத்துத் தலைவாரிவிட வேண்டும். அந்தச் சின்ன ஆசையை இன்னொருத்தி பலாமரத்தடியில் நிறைவேற்றிக்கொண்டாள் என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்று வீட்டில் நானும் சீப்பை எடுத்துவைத்து, என் தலையை வாரிக்காட்டினேன். மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் சிவப்பு ரிப்பன் வாங்கினேன். அந்த நீலத்தைவிட அகலமானது, பளபளப்பானது. மகள் தூங்கும்போது நீலத்தை உருவிவிட்டுச் சிவப்பைக் கட்டி அனுப்பினேன். சாயங்காலம் திரும்பியபோது பின்னலில் மறுபடியும் நீலம். என் சிவப்பு ரிப்பனை யாரோ அழகாகச் சுருட்டி அவள் பாவாடை முடிச்சில் வைத்திருந்தார்கள். பாப்பா நீலம்தான் வேண்டுமென்று அடம்பிடித்ததாக அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவர்களைக் குறைசொல்லவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று. அறுப்புப் பண்டிகைக்குச் சபையார் எங்களையும் அழைத்திருந்தார்கள். ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது திண்ணனூர்ப் பையனின் தம்பி எழுந்து, காணிக்கையாகக் குவித்திருந்த ராகிக் கதிர்களுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே நடந்து, கதிர்களை உருவி உருவிக் கீழே போட்டான். சபைப் பெரியவர் ஒருவர், பிள்ளையை வெளியே கொண்டுபோங்கள் என்று அதட்டினார். அண்ணன்காரன் எழுந்து தம்பியின் கையைப் பிடித்தான். அவன் பின்னாலேயே அந்தப் பெண் என் மகளோடு எழுந்தாள். பிறகு பாட்டுக்காரர்கள், மேளம் வைத்திருந்தவன், எல்லா வாலிபர்களும் எழுந்து வெளியே போய்ப் பலாமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே பாட்டெடுக்க ஆளில்லை. கொஞ்சநேரம் கழித்துப் போதகரே வெளியே வந்தார். வேதப் புத்தகத்தை மரத்தடிக்கே கொண்டுவரச் சொல்லி, மிச்ச ஆராதனையை அங்கே நடத்தி முடித்தார். என் கணவர் அதைப் பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் மனம் நெகிழ்ந்ததுதான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. எழுந்து வெளியே போகும்போது என் மகள் என்னைத் தாண்டித்தான் போனாள். அந்தப் பெண்ணின் முந்தானை நுனி அவள் கைப்பிடிக்குள் இருந்தது.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில், பைல் நாட்டிலிருந்து மகனைச் சுமந்து வருபவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பாப்பா பேச ஆரம்பித்துவிட்டதே, என் பையனும் பேசிவிடுவான் என்று நம்பிக்கை வந்துவிட்டது என்றார். நான் புரியாமல் நின்றேன். அவர் குழம்பிப்போய், உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். பல வாரமாகவே பேசுகிறதாம். தூரி நின்றால், "இன்னொருக்கா ஆட்டட்டுமா, சாமி?" என்று பாப்பாவே கேட்கிறதாம். அந்தப் பெண் கேட்பதை அப்படியே திருப்பிக் கேட்கிறதாம், அதே இழுப்போடு.

அன்றைக்கு மத்தியானம் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று தெரியாது. சனிக்கிழமை வந்ததும் சர்ச்சுக்குப் போய் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன். என் மகள் வாய் திறந்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் சொல்லிவிட வேண்டாம் என்று அவள்தான் கூட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள்.

"மொத வார்த்தை உங்களைக் கூப்பிடறதா இருக்கோணும்னு நெனச்சனுங்க, டீச்சரம்மா," என்றாள். "அம்மா, அம்மான்னு தெனம் சொல்லிக் குடுக்கறனுங்க. அது வந்ததும் உங்ககிட்டக் கூட்டிக்கிட்டு வரலாம்னு இருந்தனுங்க."

இப்போது நினைத்தால், இருபது வயதுப் பெண்ணுக்கு அந்த நினைப்பு வந்தது பெரிய விஷயம். அப்போது எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. நான் எரிகிறேன் என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, என் மீது இரக்கப்பட்டு, என் மகளின் வாயிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை வாங்கித் தரப் பார்த்திருக்கிறாள்.

"நீ சொல்லிக் குடுத்து அவ என்னைக் கூப்பிட வேண்டாம்," என்றேன்.

மகளைத் தூரியிலிருந்து இறக்கி இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் அலறிய அலறல் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகள்வரை கேட்டிருக்கும். அடுத்த சனிக்கிழமை அனுப்பவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மழையும் எனக்குத் துணையாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்கு ஓரிரு முறை வாலிபர்கள் வந்து விசாரித்தார்கள். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் வரவில்லை. மகளின் பின்னல்கள் நாளுக்கு நாள் கலைந்து சிக்குப்பிடித்துக்கொண்டிருந்தன. வீட்டில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் ரகசியமாகக் காத்திருந்தேன். பேசத் தெரிந்த வாய்தானே, எனக்கு முன்னாலும் திறக்கும் என்று.

திறந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். வெளியே மழை கொட்டியது. மகள் அடுப்பங்கரைக்கு வந்து என் எதிரில் நின்றாள். அவள் அப்படி என் முன்னால் வந்து நின்றதே இல்லை. என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னொருக்கா ஆட்டட்டுமா, சாமி?"

அந்தப் பெண்ணின் குரல் அது. கடைசியில் மேலே தூக்கும் அந்த இழுப்பு, 'சாமி'க்கு முன்னால் விடும் சின்ன இடைவெளி, எல்லாம் அப்படியே. என் மகளுக்கென்று ஒரு குரல் இருக்கும், அது என்னுடையதைப் போலவோ அவள் அப்பாவுடையதைப் போலவோ இருக்கும் என்று ஏழு வருடமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். வந்தது இன்னொருத்தியின் குரல். ஆனால் கேட்டது என்னிடம். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, என் எதிரில் வந்து நின்று, என்னிடம்தான் ஒன்றைக் கேட்டாள். எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

களியை இறக்கிவைத்துவிட்டுக் குடையை எடுத்தேன். வீட்டுத் தூரியைக் காட்டிப் பார்த்தேன். அவள் அதைத் தாண்டிப் பாதையில் நடந்தாள். நானும் பின்னால் நடந்தேன். சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். வாலிபர்கள் கூடத்துக்குள் உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்தாள், ஆனால் கிட்டே வரவில்லை. மகள் நேராகப் போய் நனைந்த தூரிப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். அப்போதும் அந்தப் பெண் வரவில்லை. கூடத்து வாசலிலேயே நின்றாள். என்னை ஆட்டச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மழையில் நின்று ஆட்டினேன். தூரி நின்றதும் மகள் கேட்டாள். நான் ஆட்டினேன். அன்றைக்கு நான் ஆட்டிய தூரியை அவள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் இறங்கியதும் ஓடியது வாசலில் நின்றவளிடம்தான். அவள் முந்தானையால் பாப்பாவின் தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"கோவம் போச்சுங்களா, டீச்சரம்மா?"

போகவில்லை என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் உண்மையைத்தான் சொன்னேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் நானும் அங்கேயே இருந்தேன். மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் கரியால் தரையில் கோடு போட்டுக் காட்டுவேன். என் மகள் 'அம்மா' என்று சொல்லவே இல்லை. ஆனால் அந்தப் பெண் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் 'டீச்சரம்மா' என்றாள். இன்றுவரை அவளுக்கு நான் டீச்சரம்மாதான்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்குக் கீழே நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. வழியனுப்பும் கூட்டத்தில் எல்லோரும் அழுதார்கள். நான் அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன், நல்ல புடவையாகவே. என் மனசுக்குள் யாரோ மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இனி இவள் இல்லை, பாப்பா என்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று. சில வாரங்கள் மகள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. தூரியில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல மெல்ல என் பக்கம் வந்தாள். ஒரு காலையில் நீல ரிப்பனை என் மடியில் போட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் எடுத்த வகிடு கோணலாக இருந்தது. அவள் பொறுத்துக்கொண்டாள்.

அடுத்த கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அந்தப் பெண் மலைக்கு வந்தாள். வெள்ளைப் புடவை, கையில் கடிகாரம், பாப்பாவுக்கு ஒரு பெட்டி மிட்டாய். எங்கள் வீட்டுக்கே தேடி வந்தாள். "சாமி" என்று கூப்பிட்டாள். என் மகள் திரும்பவில்லை. அந்தப் பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மகள் எழுந்து வந்து என் பின்னால் நின்றுகொண்டு என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் மிட்டாய்ப் பெட்டியைத் திறப்பதுபோலக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது சிரித்தாள். ஆனால் அவள் என் மகளின் கையை, என் புடவையைப் பிடித்திருந்த அந்தக் கையை, ஒரு கணம் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. அதை வருடக்கணக்கில் நான் என் கண்ணிலேயே சுமந்திருக்கிறேன். பாவமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். முதலில் பாவமாக இல்லை. வயிறு குளிர்ந்தது. பிறகுதான் பாவமாக இருந்தது. அவளைச் சாப்பிடச் சொல்லி உட்காரவைத்தேன். இருவரும் பழைய கதைகளையெல்லாம் பேசினோம். பாப்பாவுக்கு ஆட்களை மறக்கும் பழக்கம் உண்டு, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். தெரியுமுங்க என்றாள். போகும்போது வாசலில் நின்று, இவள் உங்களிடம் வந்துவிட்டாள், அதற்காகத்தானே பாடுபட்டோம் என்றாள். அவள் மனசாரத்தான் சொன்னாள். ஆனாலும் அதைச் சொல்லி முடிக்க அவளுக்குக் கொஞ்சநேரம் பிடித்தது.

அவள் பிறகு கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். வாலிபர் கூட்டத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சனிக்கிழமை மட்டும் நிற்கவில்லை. காலில் கயிறு கட்டியிருந்த சிறுவன் பெரியவனாகி, அண்ணனோடு மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டான். பைல் நாட்டுச் சின்னப் பையன் கடைசிவரை பேசவில்லை. ஆனால் அவன் அப்பா அவனைத் தோளிலிருந்து இறக்கி நடத்திக் கூட்டிவந்த நாளைப் பார்த்தேன். நாங்கள் மாற்றலாகிக் கீழே வந்துவிட்டோம். என் மகளுக்கு நாற்பது வயதானபோதுதான் ஓர் இளம் டாக்டர் அவளுடைய நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததில் எனக்குப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவள் அப்பா போய்ச்சேர்ந்துவிட்டார். எனக்கும் முன்போல் முடிவதில்லை. வீட்டு வேலைக்கு எதிர்த் தெருவிலிருந்து ஒரு பெண் வருகிறாள். அன்பானவள், சத்தம்போட்டுப் பேசமாட்டாள். சென்ற மாதம் ஒருநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது, என் மகள் முற்றத்தில் உட்கார்ந்து அவளிடம் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவளுக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னை அவள் நகம் வெட்ட விட்டதே இல்லை, தூங்கும்போதுதான் வெட்டுவேன்.

"அக்காவுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சுங்க, டீச்சரம்மா," என்றாள் அந்தப் பெண், நிமிர்ந்து பார்த்து.

ஆமாம், பிடித்துப்போயிற்று என்றேன். ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டேன். கொஞ்சநேரம் அங்கே நிற்கப் பார்த்தேன். முடியவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.